மகன் டிசம்பரில் வருகிறான், எந்த விமானக் கிட்டைக் கொண்டுவரச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 60. மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றேன். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, லண்டனிலிருந்த மாமா அனுப்பிய ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் விமானக் கிட்கள் (துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கும் மாதிரி விமானங்கள்) சிலவற்றை ஒட்டியிருக்கிறேன். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எல்லாம் விட்டுப்போனது. ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்துப் போர் விமானம் ஒன்று பாதி ஒட்டியபடி இன்னும் அலுமாரி மேல் பெட்டிக்குள் கிடக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் மகன் டிசம்பரில் வருகிறான். என்ன வேண்டும் என்று கேட்டான். விமானக் கிட் ஒன்று கொண்டுவா என்றேன். எந்தக் கிட் என்று அவன் திருப்பிக் கேட்டதில் என் தூக்கம் போய்விட்டது.

ஆசை மூன்று. ஒன்று, 1974இல் ஏழு கன்னியர் மலையில் மோதிய டி.சி-8 பயணிகள் விமானம். அப்போது எனக்கு ஒன்பது வயது. நோர்ட்டன் பிரிட்ஜில் வைத்திருக்கும் அதன் சக்கரத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. இரண்டு, 1942இல் கொழும்புக்கு மேலே ஜப்பான்காரனோடு சண்டை போட்ட ஹரிக்கேன். மூன்று, பெரிதாக, 1/32 அளவில் (அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு) ஒரு ஸ்பிட்ஃபயர். கண்ணாடி இல்லாமல் எனக்கு இப்போது பேப்பர் வாசிக்க முடியாது. எங்கள் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். மனைவியின் ஆட்கள் 77க்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். ‘கிபீர் மாதிரி எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது’ என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தம்பி, எதை வாங்கச் சொல்ல?

பதில்: அண்ணன், மகனுக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். தமியா கம்பெனி, 1/48 அளவு, ஸ்பிட்ஃபயர் மார்க் 1, பெட்டியில் இருக்க வேண்டிய எண் 61119. அந்த எண்ணைக் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றில் இது இல்லை என்று தெரியும். மூன்றுமே நல்ல ஆசைதான், ஆனால் மூன்றில் எதுவும் முதல் கிட் இல்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு திறக்கிற முதல் பெட்டிக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. அது முடிய வேண்டும். ஹோட்டல்களுக்கும் கட்டடக் கம்பெனிகளுக்கும் மாதிரிகள் செய்து கொடுப்பது என் தொழில். அதோடு, ‘இதை முடித்துத் தரமுடியுமா?’ என்று ஆட்கள் கொண்டுவரும் பாதி விமானங்களும் என் மேசைக்கு வரும். அவற்றில் பெரும்பகுதி உங்களைப் போல இடைவெளி விட்டுத் திரும்பி வந்தவர்களுடையது. ஆள் வேறாக இருக்கும், கதை ஒன்றாகவே இருக்கும். சின்ன வயதில் வாங்க முடியாததை இப்போது காசு இருக்கிறதென்று வாங்கியிருப்பார்கள். பெரிய பெட்டி, நானூறு ஐந்நூறு துண்டு. விமானி உட்காரும் அறையை ஆசை ஆசையாகச் செய்திருப்பார்கள். உடலின் இரண்டு பாதியையும் சேர்க்கும்போது இடைவெளி விழுந்திருக்கும். அதற்குப் பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, அங்கேயே பெட்டியை மூடியிருப்பார்கள். கை பழக்கம் போனதால் மட்டும் அப்படி ஆகவில்லை. கிட் தேர்வும் தவறு.

தேர்வு தவறுவதற்கு முதல் காரணம் பெட்டிப் படம். பிளாஸ்டிக் கிட் என்பது ஒரு உருக்கு அச்சில் வார்ப்பது. அந்த அச்சைச் செய்யத்தான் கம்பெனிக்குப் பெரும் செலவு. செய்த பிறகு முப்பது நாற்பது வருடம்கூட அதே அச்சில் வார்த்துக்கொண்டே இருக்கலாம். பெட்டியின் படத்தை மாற்றி, டிகாலை (தண்ணீரில் ஊறவைத்து விமானத்தில் ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) மாற்றி, ‘புதிது’ என்று விற்பார்கள். ஏர்ஃபிக்ஸ் 1953இலிருந்து ஸ்பிட்ஃபயர் கிட் விற்கிறது. இடையில் பலமுறை புது அச்சு செய்திருக்கிறது, கம்பெனியும் கைமாறிக் கைமாறி 2006இல் ஹோர்ன்பியிடம் வந்தது. நீங்கள் சின்ன வயதில் ஒட்டிய ஸ்பிட்ஃபயரும் இன்று அதே பெயரில் கடையில் இருப்பதும் ஒன்றல்ல. பழைய அச்சுகளை ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்று பெட்டியிலேயே போட்டு ஏர்ஃபிக்ஸ் இப்போது விற்கிறது. பார்த்ததும் மனம் இளகும். முதல் கிட்டாக மட்டும் வாங்காதீர்கள். தகடு இணைப்புக் கோடுகள் அவற்றில் பெரும்பாலும் மேடாக இருக்கும். ஓரத்தைத் தேய்க்கும்போது அந்தக் கோடும் சேர்ந்து போய்விடும், திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை. புது அச்சுகளில் கோடு பள்ளமாக இருக்கும், தேய்த்தாலும் நிற்கும்.

இது ஏர்ஃபிக்ஸுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. தமியாவிலேயே 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 இரண்டு உண்டு. 61032 தொண்ணூறுகளின் அச்சு, 61119 என்பது 2018இல் வந்த புது அச்சு. கம்பெனி ஒன்று, விமானம் ஒன்று, அளவு ஒன்று. கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், மகனுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் எண்ணை அனுப்பச் சொன்னேன். வேறு எந்தக் கிட் வாங்குவதானாலும் முதலில் ‘ஸ்கேல்மேட்ஸ்’ என்ற இணையதளத்தில் பெட்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்த அச்சு எந்த வருடம் பிறந்தது, எத்தனை பெட்டிகளில் வேடம் மாறி வந்தது என்று வம்சாவளி போலக் காட்டும். இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு பிறந்த அச்சு என்றால் பாதிக் கவலை விட்டது.

சரி, ஏன் 61119? துண்டுகள் பொருந்துகிற விதம்தான் காரணம். இறக்கையை உடலோடு வைத்துப் பார்த்தால் பசை இல்லாமலே நிற்கும். அந்த இடத்தில் பட்டி பூசுகிற வேலை ஏறக்குறைய இல்லை. திரும்பி வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை, ஏனென்றால் பிளாஸ்டிக் ஒட்டுவதில் ஆளை அலுக்கவைப்பது ஒட்டுவது இல்லை, ஒட்டிய பிறகு தேய்ப்பது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தமியா டிகால் கொஞ்சம் தடிப்பு. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். மஸ்கெலியாத் தண்ணீர் எப்படியும் குளிர்ச்சிதானே. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி. உங்கள் ஸ்பிட்ஃபயர் அந்தக் காலத்தில் பெரும்பாலும் 1/72ஆகத்தான் இருக்கும். அசல் விமானத்தின் இறக்கை 11.2 மீட்டர் அகலம், 1/72இல் அது பதினைந்தரை சென்ரிமீட்டர் சொச்சம். 1/48இல் 23 சென்ரிமீட்டருக்கு மேல். 60 வயதுக் கண்ணுக்கு இந்த எட்டு சென்ரிமீட்டர் பெரிய விஷயம். கன்ட்ரோல் பலகையின் முள்ளும் விமானியின் பெல்ட்டும் 1/72இல் கடுகு, 1/48இல் மிளகு. வாசிப்புக் கண்ணாடியோடு, தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி ஒன்றும் வேண்டும். மேசை விளக்கு வெள்ளை எல்.இ.டி.யாக இருக்கட்டும், இடது பக்கமிருந்து விழட்டும் (நீங்கள் இடக்கைக்காரர் என்றால் வலது பக்கம்). மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும், காலையில் எழுந்து பார்த்தால் வேறாக இருக்கும்.

‘ஒரே நிறமுள்ள விமானம் என்றால் பெயின்ட் அடிக்க லேசு, ஜப்பான் சீரோ நல்லதாமே’ என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். 1942இல் கொழும்புக்கு வந்ததும் அதுதான், சாம்பல் நிற சீரோ 21. நிறம் லேசுதான். ஆனால் அதன் மூடியைப் பாருங்கள். விமானியின் தலைக்கு மேல் முழுக்கச் சட்டம் சட்டமாகக் கண்ணாடி வீடு. அந்தச் சட்டங்களில் மட்டும் பெயின்ட் படவேண்டும், கண்ணாடியில் படக்கூடாது. பழகிய கையே அதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிட்ஃபயர் மூடியில் சட்டம் குறைவு. உடலில் இரண்டு நிறம் வந்தாலும் பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்தைக் கையாலேயே வரையலாம், கொஞ்சம் வளைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கிட் பார்க்கும்போது எல்லோரும் இறக்கையைப் பார்ப்பார்கள். நான் முதலில் மூடியைத்தான் பார்ப்பேன்.

அண்ணியின் சொல்லுக்கு வருகிறேன். கிபீர் போர் விமானம் 1996இல் நம் விமானப்படைக்கு வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய ஆட்களின் வீட்டில் அதன் பொம்மையும் வேண்டாம் என்பது நியாயம், அதில் பேச்சே இல்லை. ஸ்பிட்ஃபயரும் போர் விமானம்தான். பெட்டி வருவதற்கு முன்பே அண்ணியிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அதுவும் மனதுக்கு ஆகாது என்றால் ஏர்ஃபிக்ஸின் 1/48 சிப்மங்க் வாங்கச் சொல்லுங்கள். 2021இல் வந்த புது அச்சு. பயிற்சி விமானம், துப்பாக்கி கிடையாது, சக்கரம் மடங்காது, அதனால் சக்கர அறைக்குள் செய்ய ஒன்றுமில்லை. 1951இல் நம் நாட்டில் விமானப்படை ஆரம்பித்தபோது விமானிகள் பழகியதும் சிப்மங்கில்தான். கிட்டின் பொருத்தம் தமியா அளவுக்கு வராது, ஆனாலும் நல்ல கிட்.

இனி ஈரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் மஸ்கெலியாவில் உட்கார்ந்து பெயின்ட் அடிக்கிறதில்லை.

ஸ்ப்ரே கேன் பெயின்டோ வார்னிஷோ அடிக்கும்போது அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது அந்த மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அந்தக் குளிர்ந்த இடத்தில் நீர் படியும். படிந்த நீர் பெயின்ட் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு, காய்ந்த பிறகு வெள்ளை மூட்டமாகத் தெரியும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் இது இன்னும் மோசம். வாரக்கணக்கில் செய்த வேலை கடைசிப் படியில் பால் கொட்டியதுபோல ஆகிவிடும். எதிர் மலை தெரியாத நாளில் ஸ்ப்ரே கேனைக் கையிலேயே எடுக்காதீர்கள். வீட்டில் ஈரமானி ஒன்று இருந்தால் 70க்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். காலை பத்து மணி தொடக்கம் பகல் இரண்டு மணி வரை நம் பக்கத்தில் நல்ல நேரம். அடிப்பதற்கு முன் கேனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்தெடுத்தால் பெயின்ட் மெல்லிய துளியாக வரும். இளஞ்சூடு என்றால் இளஞ்சூடுதான். கொதிநீரில் வைத்தால் கேன் வெடிக்கும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. மகன் வருவது டிசம்பரில். மேற்குச் சரிவில், மஸ்கெலியா, ஹட்டன், நோர்வூட் பக்கங்களில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காலம். டிசம்பரில் ஒட்டுங்கள், ஜனவரி, பிப்ரவரியில் பெயின்ட் அடியுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் செப்டம்பர் வரை ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். (பண்டாரவளை, பதுளை வாசகர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளவும். டிசம்பர், ஜனவரி உங்களுக்கு மழை. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது உங்களுக்குப் பெயின்ட் காயும் வேகத்தைப் பார்த்து எங்களுக்குப் பொறாமை.)

எனாமல் பெயின்ட் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அந்தச் சின்னத் தகர டப்பா. நம் குளிரில் அது காய இரண்டு மூன்று நாள் எடுக்கும், அதற்குள் தூசி படிந்துவிடும், மணமும் வீடு முழுக்க நிற்கும். இப்போது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நல்ல தரத்தில் வருகிறது. பிரஷ்ஷால் அடிப்பதென்றால் ஸ்பெயின் நாட்டு வலேஹோ. தமியாவின் அக்ரிலிக் ஸ்ப்ரேக்கு அருமை, பிரஷ்ஷுக்கு ஆகாது. இரண்டாவது பூச்சுப் பூசும்போது முதல் பூச்சைக் கிளப்பிவிடும். வலேஹோவையும் தடிப்பாகப் பூசவேண்டாம். தண்ணீர் கலந்து மெல்லிதாக மூன்று பூச்சு. முதல் பூச்சு அசிங்கமாகத்தான் இருக்கும், மனம் விடாதீர்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் நன்றாகக் காயவிடுங்கள். அடியில் பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் இதை அடித்தால் மாஸ்கிங் டேப்பைக் கழற்றும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். ஈரமான ஊரில் இது இன்னும் கூடுதல். அதற்கு முன்னால், ஒட்டத் தொடங்கும்போதே, துண்டுகளை அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும்.

ஏர்பிரஷ், கம்ப்ரஸர் எல்லாம் வாங்குவதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. இந்த ஒரு கிட் முடியட்டும்.

மகன் பெட்டிக்குள் எதை வைக்கலாம் என்பது முக்கியம். கிட், வலேஹோ பெயின்ட், பிரஷ், கத்தி, துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டும் சைட் கட்டர், தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி எல்லாம் கொண்டுவரலாம். கத்தியையும் கட்டரையும் கையில் எடுத்துவரும் பையில் போடாமல், செக்-இன் பண்ணும் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வலேஹோவில் இங்கிலாந்து விமானப்படைக் கரும்பச்சை, மண்பழுப்பு, அடிப்பாகத்துக்கு இளம்பச்சை சாயலுள்ள ‘ஸ்கை’ என்ற நிறம், இந்த மூன்றும் கட்டாயம். கறுப்பும் ஒரு சாம்பலும் சேர்த்துக்கொள்ளட்டும். ஸ்ப்ரே கேன், எனாமல், தின்னர், பிளாஸ்டிக் பசை இவை தீப்பற்றும் சாமான்கள். விமானத்தில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் கூடாது, தபாலில் அனுப்பினாலும் இதே பிரச்சினைதான். பசையை இங்கேயே, கொழும்பிலோ கண்டியிலோ கிட் விற்கும் கடையில் வாங்குங்கள். தமியாவின் ‘எக்ஸ்ட்ரா தின்’, பச்சை மூடி போட்ட சின்னப் போத்தல். டியூப் பசை இழுத்து நூல் நூலாக வந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இது தண்ணீர் மாதிரி. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, மூடியிலுள்ள பிரஷ்ஷால் இணைப்பின் ஓரத்தில் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்துவிடும். குளிருக்காக ஜன்னலை மூடிக்கொண்டு மட்டும் ஒட்டாதீர்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சாண்ட்பேப்பருக்குக் கிட் கடைக்குப் போய்க் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஹட்டன் டவுனில் எந்த மோட்டார் ஸ்பெயார்ஸ் கடையிலும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் கிடைக்கும். 400, 800, 1000 ஒவ்வொன்றில் ஒரு தாள் வாங்கினால் வருடத்துக்குப் போதும். வாகனத்துக்கு அடிக்கும் சாம்பல் பிரைமர் கேனும் அங்கே உண்டு, ஆனால் சில பிரைமர் பிளாஸ்டிக்கைத் தின்னும். பரீட்சித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. யோகட் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அது பொலிஸ்டைரீன், கிட்டும் அதே பிளாஸ்டிக்தான். அதில் பிரைமரை அடித்துப் பாருங்கள். சுருங்கினால் அந்தக் கேன் உங்கள் ஸ்பிட்ஃபயருக்கு ஆகாது. பசை பழக, கத்தி பழக, பெயின்ட் கலவை பழக, எல்லாவற்றுக்கும் அந்தக் கோப்பைதான். மகன் வருவதற்குள் வீட்டில் யோகட் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகட்டும்.

அலுமாரி மேலே கிடக்கும் பாதி ஸ்பிட்ஃபயரையும் எடுத்துப் பாருங்கள். நாற்பது வருடம் ஆனாலும் வெயில் படாத பிளாஸ்டிக் கெட்டிருக்காது. பசை டியூப் கல்லாகியிருக்கும், எறிந்துவிடுங்கள். டிகால் தாள் மஞ்சளடித்திருக்கும். அதைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்க ஒட்டிவைத்தால் சில வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். நம் மூடுபனிக்குக் கூடக் கொஞ்சம் காலம் ஆகலாம். பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வெளுத்த தாளையும் அப்படியே தண்ணீரில் போடவேண்டாம், துண்டு துண்டாக உடையும். முதலில் மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி, காய்ந்த பிறகு ஒவ்வொரு படமாக வெட்டி எடுங்கள். இந்தப் பழைய விமானத்தை முடித்துக் கண்காட்சிக்கு வைக்கும் எண்ணம் வேண்டாம். புதியதைத் தொடுமுன் கை பழகிக்கொள்ள இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. அதன் இறக்கையில் பச்சையும் பழுப்பும் அடித்துப் பார்த்த பிறகு 61119ஐத் திறவுங்கள். புதுக் கிட்டின் டிகால் தாளைப் பெட்டி திறந்த அன்றே ஜிப் போட்ட உறைக்குள், மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள்.

இரண்டாவது கிட் ஹரிக்கேன். இதில் எனக்கும் ஆசை அதிகம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கட்டலினா என்ற கடல் விமானம் ஒன்று, லெனர்ட் பேர்ச்சோல் என்ற கனடா விமானி ஓட்டியது, தெற்கே கடலில் ஜப்பான் கப்பல் படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை. இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும், திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்தும் எழும்பியவை ஹரிக்கேன்கள். கிட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இறக்கை. அன்று இங்கே பறந்தவை மார்க் 1, மார்க் 2பி. 2பி என்றால் இறக்கையில் பன்னிரண்டு இயந்திரத் துப்பாக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. கடையில் அதிகம் கிடைப்பது 2சி. அதில் நான்கு பீரங்கிக் குழல் முன்னால் நீளமாகத் தெரியும். பெட்டிப் படத்தில் அந்தக் குழல்கள் இருந்தால் உங்கள் கதைக்கு அது பொருந்தாது. ஏர்ஃபிக்ஸின் 1/48 மார்க் 1 இருக்கிறது, இரண்டாயிரத்துப் பத்துகளின் அச்சு. சக்கர அறையைப் பொருத்தும் இடத்தில் நிதானம் வேண்டும், அவசரப்பட்டால் இறக்கை சரியாக உட்காராது. அதனால்தான் இரண்டாவது இடம் கொடுத்தேன். போலந்து நாட்டு ஆர்மா ஹொபியின் 1/72 ஹரிக்கேன்கள் இன்னும் நுணுக்கமானவை, ஆனால் உங்கள் கண்ணுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

1/32 வேண்டாம். முப்பத்தைந்து சென்ரிமீட்டர் இறக்கையை வைக்க உங்கள் அலுமாரியில் இடமிருக்காது, துண்டுகளும் மிக அதிகம்.

கடைசியாக டி.சி-8. சுரபயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் விமானம். 1974 டிசம்பர் 4 இரவு, 191 பேர், ஒருவரும் தப்பவில்லை. அதைச் செய்யவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது வயதில் பார்த்தது அவ்வளவு லேசில் விடுமா? ஆனால் பயணிகள் விமானம் என்பது வேறு கை. அளவு 1/144. உடல் முழுக்க வழுவழுவென்று பளபளக்க வேண்டும், மறைக்கக் கரும்பச்சை இல்லை, இணைப்புக் கோடு தலைமயிர் அளவு தெரிந்தாலும் வெள்ளைப் பெயின்ட் காட்டிக்கொடுக்கும். வெள்ளையைப் பிரஷ்ஷால் அடிக்க முடியாது, கட்டாயம் ஸ்ப்ரேதான், அதனால் மறுபடியும் வெயில் காலம் வேண்டும். அந்தக் கம்பெனியின் நிறத்துக்கும் எழுத்துக்கும் டிகால் தனியாகத் தேடவேண்டியிருக்கும். முதலில் டிகால் கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைத்த பிறகு கிட் வாங்குங்கள். மாற்றிச் செய்தால் பெட்டி அலுமாரி மேல் இன்னொரு நாற்பது வருடம் இருக்கும்.

கிட் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. மோதியது டி.சி-8இன் 55 வகை, நீளம் ஏறக்குறைய 46 மீட்டர். மினிகிராஃப்ட் போன்ற கம்பெனிகளின் பெட்டிகளில் 61, 63 என்ற எண்களையும் பார்ப்பீர்கள். அவை நீட்டிய வகை, 57 மீட்டர். 1/144இல் அது கிட்டத்தட்ட எட்டு சென்ரிமீட்டர் வித்தியாசம். நடுவில் அறுத்துக் குறைக்கலாம் என்று இணையத்தில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பெட்டியில் 50 வரிசை எண் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 61 என்றோ 63 என்றோ போட்டிருந்தால் மகனைத் திருப்பி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.